ஆள் சொல்லுதல்: கரிசல் கதைகளில் வேலை கேட்காதவர்கள்

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் ‘வேலை தேடுறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பாலிடெக்னிக்கோ பி.காமோ முடித்தவர் என்று அர்த்தம். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதே இல்லை. (இங்கே காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம்.) அவர்கள் பேச்சில் வேறொரு வினைச்சொல் இருக்கிறது. ‘நாளைக்கு உளுந்தங்காட்டுக்குச் சொல்லியிருக்காக.’ ‘நமக்கு இன்னும் யாரும் சொல்லல.’ நிலம் வைத்திருப்பவர் வாயிலும் அதே வினைதான் வரும். ‘விடிஞ்சா களையெடுப்பு, பத்து ஆளுக்குச் சொல்லணும்.’ பொழுது சாய்ந்த பிறகு தெருவுக்குள் வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே வருவது கிடையாது. உள்ளேயிருந்து ‘வாரோம்’ என்று ஒரு குரல் வரும். ஒப்பந்தம் முடிந்தது. கூலி எவ்வளவு என்ற பேச்சே வராது, அது ஊருக்கே தெரிந்த ஒன்று.

இந்தப் பேச்சில் எழுவாய் யார் என்று பாருங்கள். சொல்பவர் நிலத்துக்காரர், சொல்லப்படுபவர் ஆள். வேலையைத் தேடிப் போகிறவர் என்று யாருமே இந்த வாக்கியத்தில் இல்லை.

இது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், கரிசல் இலக்கியம் என்று நாம் கொண்டாடுகிற புத்தகங்களில் சிலவற்றை ஒரே ஒரு கேள்வியோடு மறுபடி எடுத்து வாசித்தேன். இந்தக் கதைகளில் யாராவது போய் வேலை கேட்கிறார்களா? கேட்டால் என்ன நடக்கிறது? கேட்காவிட்டால் அந்த ஆள் கதைக்குள் எப்படி வருகிறார்? இந்தக் குறிப்புகள் அந்த வாசிப்பிலிருந்து வந்தவை. முழுமையான ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கி.ராஜநாராயணனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இடைசெவல்காரர். வட்டார வழக்குக்கு அகராதி போட்டவர், எழுத்தில் இந்த மண்ணைப் பேச வைத்தவர். அவர் நமக்குக் கொடுத்த பெரிய சொல் ‘சம்சாரி’. விவசாயி என்கிற அரசாங்கச் சொல்லில் இல்லாத ஒரு வாழ்க்கை அதில் இருக்கிறது. மழை, மாடு, கடன், பெண்டு பிள்ளைகள், தீர்வை பாக்கி எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆனால் அந்தச் சொல் ஒரு திண்ணையும்கூட. சம்சாரியின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் மழை தெரியும், மாடு தெரியும், மாட்டுக்குப் பின்னால் நடந்து வருகிற ஆள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிவார்.

1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ இதற்கு நல்ல உதாரணம். தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே ஓடிவந்து, காட்டை எரித்து நிலமாக்கி ஊரை உண்டாக்குகிற கதை. அந்த நாவலில் உழைப்பு என்பது உருவாக்கம். ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிற, கொண்டாட்டமான விஷயம். வாசிக்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நிலம் உண்டான மறுவருஷம் அதில் களையெடுத்தது யார், அவர்களுக்கு அந்த வேலை எப்படி வந்தது என்ற கேள்விக்கு நாவலில் இடமே இல்லை. காவியத்துக்குக் களையெடுப்பு தேவைப்படாது போல.

கி.ரா.வை இதோடு விட்டுவிட்டால் அது அநியாயம். ஏனென்றால் ‘கதவு’ எழுதியவரும் அவர்தான். நிறையப் பேர் வாசித்த கதை, ஆனாலும் நான் சொல்ல வருகிற கோணத்தில் இதை யாரும் பேசி நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொங்கி ஆடி, டிக்கெட் கொடுத்து பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் வாடை வருகிறது, குழந்தை இறக்கிறது. எல்லாரும் இதை வறுமையின் கதை, குழந்தைமையின் கதை என்று எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு ஆள் குறைகிறார். அப்பா. அவர் மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். மாதங்கள் ஆகின்றன, பணமும் வரவில்லை, தகவலும் இல்லை.

மணிமுத்தாறு அணை 1950களில் கட்டப்பட்டது. தாமிரபரணிப் பக்கத்து நீர்ப்பாசனத்துக்கான அந்த அணையில், மழை பொய்த்த கரிசலிலிருந்து ஒருவர் கல் சுமக்கப் போகிறார். தீர்வை பாக்கி என்றால் அவர் பெயரில் நிலம் இருக்கிறது என்று பொருள். ஆக அவர் கூலியாள் என்று பிறந்தவர் இல்லை, சம்சாரிதான். ஊரை விட்டு வெளியே போய் வேலை கேட்டவர். இந்தக் கதை முழுவதிலும் நிஜமாகவே வேலை தேடிப் போன ஒரே ஆள் அவர்தான், அவரைத்தான் கதை காட்டவே இல்லை. அவர் எப்படிப் போனார், யார் கூப்பிட்டார்கள், மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொண்டார், ஏன் எழுதவில்லை என்று ஒன்றுமே நமக்குத் தெரியாது. இது குறை என்று நான் நினைக்கவில்லை. ஊரிலிருந்து பார்த்தால் வேலை தேடிப் போனவர் இப்படித்தான் இருப்பார், பெயரும் ஊரும் மட்டும் மிஞ்சும். கி.ரா. திண்ணையிலிருந்து பார்த்தார் என்று மேலே சொன்னேன். இந்தக் கதையில் அவர் அந்த வீட்டுக்குள் இறங்கிவிட்டார், ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

கரிசல் எழுத்தில் கூலியாள் மங்கலாக இருப்பதற்கு மண்ணும் ஒரு காரணம். தஞ்சாவூரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே பெரிய மிராசு, பெரிய பண்ணை, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள். 1952இலேயே தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கென்று தனியாகச் சட்டம் போட வேண்டி வந்தது. சங்கம் வந்தது, செங்கொடி வந்தது, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொன்றார்கள். அதனால் அந்தப் பக்கத்து நாவலில் கூலி ஒரு கேள்வியாக, ஒரு அணியாக நடுவிலேயே நிற்கிறது. கரிசல் அப்படியில்லை. மானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைப்பு, கார்த்திகை மார்கழியில் களையெடுப்பு, தையில் உளுந்தும் பாசியும், மாசி பங்குனியில் பருத்தியும் வத்தலும். அதற்குப் பிறகு நாலைந்து மாசம் காடு சும்மா கிடக்கும். ரெண்டு ஏக்கர்க்காரர் தன் காட்டுக்கு ஆள் சொல்வார், அடுத்த வாரம் அவர் வீட்டுப் பெண்களே இன்னொருவர் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போவார்கள். சொல்பவரும் சொல்லப்படுபவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது யாருக்கு எதிராக யார் கொடி பிடிப்பது?

ஆனால் இந்த வாதத்தை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. எல்லாரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வதில்லை. எப்போதும் சொல்லப்படுகிற தெருக்கள் சில உண்டு. அங்கிருந்து யாரும் யாருக்கும் போய்ச் சொன்னது கிடையாது.

அதைத்தான் பூமணி 1979இல் ‘பிறகு’ நாவலில் எழுதினார். எனக்குத் தெரிந்து கரிசல் எழுத்தில் ஒருவருக்கு ‘வேலை கிடைக்கிற’ விதத்தையே அடித்தளமாக வைத்துக் கட்டிய நாவல் இது ஒன்றுதான். மணலூத்து என்கிற கிராமத்துக்கு அழகிரி வந்து குடியேறுகிறார். அருந்ததியர், தோல் வேலை செய்பவர். ஊருக்கு அவர் தேவை. செருப்பு மட்டும் காரணமில்லை, கமலைதான் முக்கியமான காரணம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலையில், சாலோடு சேர்ந்திருக்கும் தோல் வால் கிழிந்துபோனால் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேராது. அதைத் தைக்கிற கை ஊரில் இல்லையென்றால் வெள்ளாமையே நின்றுபோகும். ஆக அழகிரி விவசாயக் கூலி இல்லை, ஆனால் அந்த ஊர் விவசாயம் அவர் ஊசி முனையில்தான் தொங்குகிறது.

இங்கே பூமணி பிடித்த விஷயம் நுட்பமானது. அழகிரிக்கு முதலாளி என்று ஒரு ஆள் கிடையாது. ஊரேதான் முதலாளி. களத்துமேட்டில் ஒவ்வொரு சம்சாரியும் அளந்து போடுகிற தவசம்தான் கூலி. ஒருவரிடம் வேலை பார்த்தால் அவரிடம் சண்டை போடலாம், முறைத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். ஊரிடம் எப்படிச் சண்டை போடுவது? எல்லாருக்கும் அவர் வேலை செய்ய வேண்டும், ஆனால் அவருக்குப் பொறுப்பு என்று யாரும் இல்லை. ஊர் மாடு மேய்க்கிற கருப்பனும் இதே நிலைதான். அவர் பேச்சில் வருகிற கேலியை வாசகர்கள் ரசித்துச் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேலிக்கு எதிராளி ஒருவர் இல்லை, மொத்த ஊர்தான். மாட்டிடம் பேசுவதும் ஊரிடம் பேசுவதும் அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிறகு பம்புசெட் வருகிறது. கரண்டு மோட்டார் வந்த கிணற்றுக்குக் கமலை வேண்டாம், கமலை வேண்டாமென்றால் வால் வேண்டாம். யாரும் அழகிரியை வேலையை விட்டு நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. வேலையில் சேர்த்ததாகவே யாரும் சொல்லவில்லையே. தைக்கிறதற்கு ஒன்றும் வருவதில்லை, அவ்வளவுதான். பசுமைப் புரட்சியைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறோம். ஒரு மோட்டார் வந்தால் யார் பிழைப்பு போகும் என்று சத்தமே போடாமல் இப்படிச் சொன்ன எழுத்து எனக்கு வேறு நினைவில்லை. விடுதலைக்குப் ‘பிறகு’ என்ன ஆச்சு என்று கேட்கிற நாவல் என்று சொல்வார்கள். எனக்கு மோட்டாருக்குப் பிறகு என்றும் படுகிறது.

பூமணி மேல் எனக்கிருக்கிற மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அவர் பாத்திரங்களைப் பேச விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார், அதுதான் அவருடைய பலம். ஆனால் அதனாலேயே, பேசாதவர்கள் அவர் நாவலில் கூடுதலாக மறைந்துபோகிறார்கள். பெண்கள் போகிற காட்டு வேலை கதையின் ஓரத்தில்தான் நடக்கிறது. விளாத்திகுளம் பக்கம் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் வத்தல் பறிப்பும் அன்றைக்கும் பெண்கள் வேலைதான், இன்றைக்கும் பெண்கள் வேலைதான். ஆள் சொல்ல வருகிறவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் முறையில் வயசுக்கு இடமில்லை. இருபது வயசுப் பையன் அறுபது வயசு அம்மாவை ‘ஏ பேச்சி’ என்பான். அந்த ஒரு விளியில் இருக்கிற கதையை இன்னும் யாரும் எழுதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சோ.தர்மனின் ‘தூர்வை’ (1996) இந்த வரிசையில் ஒரு திருப்பம். உருளைக்குடியில் நிலமும் மாடும் வைத்து, தானே சம்சாரியாக வாழ்ந்த தலித் குடும்பங்களின் கதை. தலித் என்றால் கூலியாள் என்று வாசகர் மனதில் இருக்கிற சமன்பாட்டை உடைத்த நாவல். அதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் வருகிறது, காட்டிலிருந்து ஆட்களை உறிஞ்சிக்கொள்கிறது. (கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் அதற்கு ஆபீஸ் என்றுதான் பெயர். பத்து வயசுப் பிள்ளை ‘ஆபீஸ் போறேன்’ என்று சொன்ன காலம் உண்டு.) காட்டு வேலைக்கு இல்லாத ஒன்று ஆபீசுக்கு இருந்தது. வருஷம் பூராவும் வேலை. விடியும் முன்னால் வண்டி வந்து நிற்கும், சாயங்காலம் தெருவுக்குள் வந்து சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அது போதும்.

முன்பணம் என்றதும் இதே மாவட்டத்தின் தெற்கு முனைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே மண் வேறு, தாமிரபரணித் தண்ணீர், நெல்லும் வாழையும். ஆனால் வேலை ஆளைப் பிடிக்கிற விதம் அதேதான். மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024 ஆகஸ்டில் வந்தது. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரனான சிவனணைந்தான் சனி, ஞாயிறு வந்தால் பயப்படுகிறான். லீவு நாள்தான் அவனுக்கு வேலை நாள். அம்மா புரோக்கரிடம் வாங்கிய முன்பணத்துக்குத் தார் சுமக்க வேண்டும். வேலைக்குப் போக இஷ்டமில்லாத பிள்ளையின் கண்ணிலிருந்து விவசாயக் கூலியைக் காட்டியதுதான் இந்தப் படத்தின் ஆகப் பெரிய காரியம். ‘உழைப்பின் பெருமை’ பேசுகிற நம்ம சினிமாவில் இப்படி ஒரு பார்வை வருவதே அபூர்வம். டீச்சர் பகுதி கொஞ்சம் நீளம், எனக்கு அதில் சர்க்கரை கூடிப்போச்சு.

நான் கவனித்தது வேறொரு இடம். கனி கூலி கூட்டிக் கேட்கிறார். தாருக்கு ஒரு ரூபாய். நான் இதுவரை சொன்ன கதைகள் எதிலும் நடக்காத ஒன்று இங்கே நடக்கிறது, ஆள் வாயைத் திறந்து கேட்கிறார். கேட்டது கிடைக்கவும் செய்கிறது. பிறகு கொடுத்தவர் அந்தப் பணத்தை வண்டிச் செலவில் பிடித்துக்கொள்கிறார். ஆட்கள் திரும்பி வரத் தனி வண்டி கிடையாது, லோடு லாரியில் தார் மேலேயே உட்கார்ந்து வர வேண்டியது. அந்த லாரிதான் கவிழ்கிறது. பார்க்கிறவர்கள் வியாபாரியையும் புரோக்கரையும் திட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். எனக்கு அந்த வில்லத்தனத்தைவிட கணக்குதான் பயமாக இருந்தது. அங்கே கொடுமைக்காரர் ஒருவர் தேவையே இல்லை. ஒரு ரூபாய் எங்கேயோ கூடினால் வேறெங்கேயோ அது குறைய வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற சாதாரண வியாபாரி ஒருவர் போதும்.

படம் ஓடும்போது, தன்னுடைய ‘வாழையடி’ சிறுகதையில் இதே வாழ்க்கையை முன்பே எழுதியிருப்பதாக சோ.தர்மன் சொன்னார். அந்தக் கதையை எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று இயக்குநரும் பகிர்ந்தார். வழக்கம்போல ஒரு வாரம் யார் முதலில் என்று சண்டை ஓடியது. ஒரே மாவட்டத்தில் இரண்டு பேர் தனித்தனியாக அதே தார் சுமப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்த வேலை எத்தனை பிள்ளைகளைச் சுமக்க வைத்திருக்கும் என்பதல்லவா முதலில் வர வேண்டிய கேள்வி? அதைப் பேசியவர்கள் குறைவு.

வேலையைக் ‘கேட்பது’ என்கிற செயலுக்கு இந்த ஊர்களில் முதல்முறையாக ஒரு எழுத்து வடிவம் கொடுத்தது இலக்கியம் இல்லை, 2005ஆம் வருஷத்துச் சட்டம். நூறு நாள் வேலை. அதில் வேலையைக் கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம், தேதி போட்ட ரசீது வாங்கலாம், 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப்படி கேட்கலாம். ‘வாரோம்’ என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் கொடுத்தவரை எழுவாயாக்கிய வாக்கியம் அது. நடைமுறையில் என்ன ஆச்சு? எனக்குத் தெரிந்த ஊர்களில் யாரும் ரசீது கேட்டதில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. ‘நாளைக்குக் கம்மா வேலைக்குச் சொல்லியிருக்காக’ என்றுதான் அங்கேயும் பேச்சு. பழைய வினைச்சொல்லே சட்டத்தையும் தின்றுவிட்டது.

இருந்தாலும் ஒரு மாற்றம் நடந்தது. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் ஊதியம் 336 ரூபாய். முழுசாகக் கைக்கு வருகிறதா என்பது வேறு பேச்சு. ஆனால் வாசலில் வந்து சொல்பவரிடம் ‘இல்ல சாமி, நாளைக்குக் கம்மா வேலை இருக்கு’ என்று சொல்ல முடிந்தது. மறுக்க முடிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் ‘நூறு நாள் வேலை வந்து காட்டு வேலைக்கு ஆளே கிடைக்கல’ என்ற புலம்பல் டீக்கடை டீக்கடையாக ஓடியது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம் நாளை 125 ஆக்கியது. கூடவே விதைப்பு, அறுப்புக் காலங்களில் வருஷத்துக்கு 60 நாள்வரை அந்த வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. அந்த டீக்கடைப் புலம்பல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்றுதான் நான் அதை வாசித்தேன். கரிசலில் அந்த அறுபது நாள் என்பது மொத்த வேலைக் காலத்தில் பெரிய பங்கு.

சம்சாரி பக்கமும் பொய்யில்லை. ஆள் நிஜமாகவே கிடைக்கவில்லை. இளவட்டங்கள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு உப்பளம் இருக்கிறது, சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை இருக்கிறது. மக்காச்சோளத்தை, உளுந்தை மெஷின் அறுக்கும். வத்தலைக் கைதான் பறிக்க வேண்டும், பழுத்ததை ஒன்றொன்றாகப் பார்த்து. அந்தக் கைகளுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் வயசு. போன பங்குனியில் ஒரு சம்சாரி பக்கத்து ஊருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார், பக்கத்தில்தான் நின்றேன். ‘ஏக்கா, ஒரு பதினஞ்சு பேரக் கூட்டிட்டு வாங்கக்கா, வண்டி நான் அனுப்பிவிடுறேன், டீ வடையும் உண்டு.’ அக்கா என்கிறார், வாங்க என்கிறார், வண்டி அனுப்புகிறேன் என்கிறார். மறுமுனையில் இருந்தவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவர்தான் பேசினார், இவர் ‘சரிக்கா, சரிக்கா’ என்றார். மறுநாள் விடிகாலையில் குட்டியானை வண்டி போய் வந்தது. பதினைந்து பேருக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள், என்ன கூலி என்று வண்டியில் ஏறும் முன்னாலேயே பேசிவிட்டு.